மேடைக்கு ஒரு பழைய மஹோகனிக் கிட்டார்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

அகௌஸ்டிக் கிட்டார் என்றதும் பெரும்பாலோர் மனத்தில் எழுவது, வெளிர் மஞ்சள் நிற ஸ்ப்ரூஸ் மர மேல்பலகை போட்ட, இடுப்பு அகன்ற பெரிய கிட்டார்தான். இந்தக் கட்டுரை அதைப் பற்றியதன்று. மேல்பலகை, பின்பலகை, பக்கப்பலகை, நெக் (தந்திகள் ஓடும் கழுத்துப்பகுதி) ஆகிய அனைத்தும் மஹோகனியால் ஆன, உடல் சிறியதான, அரை நூற்றாண்டுக்கும் மேல் வயதான ஒரு கிட்டாரை, கண்ணாடி அலமாரியில் வைத்து அழகு பார்ப்பதற்காக அல்லாமல் மேடையில் வாசித்துப் பாடுவதற்காக முதன்முறையாக வாங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இவ்வகைக் கிட்டார்கள் வெளிவந்தபோது அவற்றை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் நாசரேத் என்ற ஊரில் இயங்கும் மார்ட்டின் நிறுவனம் 1922இல் 2-17 என்ற மாடலை முழு மஹோகனியில் கொண்டுவந்தது. எஃகுத் தந்திகளுக்கென்றே வடிவமைத்து அந்நிறுவனம் வழக்கமான உற்பத்தியில் சேர்த்த முதல் கிட்டார் அதுவே. அலங்காரம் கிட்டத்தட்ட இல்லை; விலைப்பட்டியலின் அடிவரிசையில்தான் அதற்கு இடம். கிப்சன், கில்ட், ஹார்மனி ஆகிய நிறுவனங்களின் மஹோகனி மாடல்களும் அதே வரிசையைச் சேர்ந்தவைதாம். மலிவாக இருந்ததால் அவற்றை வாங்கியவர்கள் பூட்டி வைக்காமல் வாசித்துத் தேய்த்தார்கள். ஆகவே இன்று கிடைப்பவற்றில் பெரும்பாலானவை கீறலும் ஒட்டும் வெட்டுமாகவே கிடைக்கின்றன.

மேடைக்கு வாங்குபவருக்கு இது நல்ல செய்தி என்பதே என் எண்ணம். சேகரிப்பாளர் பார்ப்பது, அந்தக் கிட்டார் தொழிற்சாலையை விட்டு வந்த நிலையில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை. டியூனர் (தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் திருகாணி) மாற்றியிருந்தால் விலை இறங்கும். பாலிஷை உரித்து மறுபடி அடித்திருந்தால் பாதியாகவே இறங்கிவிடக் கூடும். வாசிப்பவருக்கோ அவை பெரும்பாலும் பொருட்டல்ல. நெக் சரியான கோணத்தில் நிற்கிறதா, உள்ளே ஒட்டு விடாமல் இருக்கிறதா, இரண்டு மணி நேரம் சுருதி நிற்குமா என்பனவே அவருடைய கேள்விகள். சேகரிப்பாளர் ஒதுக்கித் தள்ளிய, ஆனால் நல்ல பழுதுபார்ப்பவர் ஒருவர் தலையசைத்து ஏற்றுக்கொள்ளும் கிட்டாரைத் தேடுங்கள். கீழே சொல்பவை அனைத்தும் அந்தக் கிட்டாரைக் கண்டுபிடிக்கும் வழிகளே.

முதலில், இந்த ஒலிதான் வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள்

மஹோகனி மேல்பலகை ஸ்ப்ரூஸைவிடச் சற்றுக் கனமானது. அந்த எடைக்கு ஏற்ற விறைப்பு அதில் இல்லை. இதன் விளைவு காதுக்கு நேராகத் தெரியும். தந்தியை மீட்டியவுடன் அடிப்படைச் சுரம் சட்டென்று எழுகிறது, அதைச் சுற்றிய அனுசுரங்கள் குறைவாக இருக்கின்றன, கார்வை நீளாமல் அடங்கிவிடுகிறது. தனியறையில் கேட்கும்போது இது சற்று வறண்ட ஒலியாகத் தோன்றலாம். பாடத் தொடங்கினால்தான் இதன் அருமை புரியும்: ஒரு சொல் முடிந்து அடுத்த சொல் வருவதற்குள் கிட்டார் வழிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. விரலால் மீட்டும்போதும் ஒவ்வொரு சுரமும் அடுத்ததோடு கலங்காமல் தனித்து நிற்கிறது.

மேடைக்கு இன்னொரு வசதியும் உண்டு. உடல் சிறியதாக இருப்பதால் அடிமந்தர ஒலி குறைவு. ஆகவே ஒலிபெருக்கியின் அருகில் நிற்கும்போது பெரிய கிட்டார்களைப் போல எளிதில் ஊளையிடாது. ஒலிக்கலவையில் பாடகரின் குரலோடும் பாஸ் கிட்டாரோடும் இடத்துக்குச் சண்டை போடாது.

குறையையும் சொல்லியாக வேண்டும். கையை ஓங்கி அடித்து வாசிப்பவருக்கு இது ஏற்றதன்று. ஓர் அளவுக்கு மேல் எவ்வளவு பலமாக அடித்தாலும் ஒலி பெருகாது, நசுங்கத்தான் செய்யும். மெல்லிய பிக்கை (தந்தியை மீட்டும் சிறு தகடு) வைத்துக்கொண்டு விடாமல் தாளம் அடிப்பதுதான் உங்கள் பாணி என்றால் இங்கேயே நின்றுகொண்டு ஸ்ப்ரூஸ் பக்கம் திரும்பிவிடுவது நல்லது. பின்னால் வருந்துவதைவிட அது மலிவு.

மாடல்கள், அளவுகள்

மார்ட்டின் மாடல் பெயரில் கோட்டுக்கு முன்னால் இருப்பது உடலின் அளவு, பின்னால் இருப்பது மரமும் அலங்காரமும் சார்ந்த வகை. கீழ்ப்பகுதியின் அகலத்தை வைத்துச் சொன்னால் 2 என்பது 12 அங்குலம், 0 என்பது 13½ அங்குலம், 00 என்பது 14 அங்குலத்துக்குச் சற்று மேல். மேடைக்கு 0 அளவும் 00 அளவும் பொருந்தும். 2 என்பது மடியில் வைத்து வாசிக்க இனியது என்றாலும் தனியாக மேடையை நிரப்ப அதற்குத் தெம்பு போதாது. 17, 15 ஆகிய இரண்டு வகைகளிலும் ஒலியைத் தீர்மானிக்கும் மரமும் உள்ளே மேல்பலகையைத் தாங்கும் கட்டைகளின் எக்ஸ் வடிவக் கட்டமைப்பும் ஒன்றுதான். 15 இன்னும் எளிமையானது, அவ்வளவே. 1940 முதல் 1961 வரை வெளிவந்த 0-15, பெயரின் கவர்ச்சி குறைவு என்பதாலேயே பலரும் கவனிக்காமல் விடும் நல்ல கிட்டார். 0-17க்கும் 0-15க்கும் இடையே தடுமாறினால் நெக் நன்றாக இருப்பதை எடுங்கள், எண்ணைப் பார்க்காதீர்கள்.

மார்ட்டினில் 1930களின் தொடக்கத்துக்கு முந்தையவற்றில் நெக் உடலோடு சேருமிடம் 12ஆம் ஃபிரெட் (விரல்பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி). பிந்தையவற்றில் 14ஆம் ஃபிரெட். 12 ஃபிரெட் கிட்டாரில் பிரிட்ஜ் (மேல்பலகையில் தந்திகளின் அடிமுனையைப் பிடிக்கும் கட்டை) அகன்ற கீழ்ப்பகுதியின் நடுவுக்கு அருகில் அமைவதால் ஒலி சற்று இளகியும் நிறைந்தும் இருக்கும். மேல் ஸ்தாயியில் அதிகம் வாசிப்பவர்களும் கேப்போவை (தந்திகளை அழுத்திச் சுருதியை உயர்த்தும் கவ்வி) ஐந்தாம் ஃபிரெட்டுக்கு மேல் ஏற்றுபவர்களும் 14 ஃபிரெட்டையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

கிப்சன் நிறுவனம் 1958இல் கொண்டுவந்த எல்ஜி-0 சந்தையில் நிறையக் கிடைக்கிறது. ஏறத்தாழ 1960களின் இறுதிவரை இது முழு மஹோகனி. அதன்பின் ஸ்ப்ரூஸ் மேல்பலகைக்கு மாறியது. இதன் உட்கட்டைகள் எக்ஸ் வடிவில் குறுக்கிடாமல் ஏணிப்படிபோல் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டப்பட்டவை. அதனால் ஒலி குத்தலாக, நடுப்பகுதி தூக்கலாக, மூக்கால் பேசுவதுபோல் இருக்கும். இதைக் குறை என்று சொல்பவர்கள் உண்டு. ப்ளூஸ் வாசிப்பவர்கள் இதற்காகவே தேடி வாங்குவதும் உண்டு. 1960களின் முற்பாதியில் வந்த பல எல்ஜி-0 கிட்டார்களில் மரத்துக்குப் பதில் உள்ளீடற்ற பிளாஸ்டிக் பிரிட்ஜைத் திருகாணியால் பிணைத்திருந்தார்கள். அது நாளடைவில் வளைந்து எழும்பிவிடும். யாரோ ஏற்கெனவே அதைக் கழற்றிவிட்டு ரோஸ்வுட் பிரிட்ஜ் ஒட்டியிருந்தால் சேகரிப்பாளர் முகம் சுளிப்பார், நீங்கள் மகிழலாம். சிகாகோவின் ஹார்மனி எச்165 இதே ஏணிக் கட்டமைப்பில் வந்த, இன்னும் மலிவான கிட்டார். கில்ட் எம்-20 இவற்றுக்கிடையே நிதானமானது; நெக்கைச் சரிசெய்யும் கம்பி உள்ளே இருப்பதால் புதியவருக்குக் கவலை குறைவு.

நெக்கின் அகலத்தை மறக்காதீர்கள். 1930களின் இறுதிக்குப் பிந்தைய மார்ட்டின்களில் நட் (தலைப்பக்கத்தில் தந்திகள் படிந்து செல்லும் சிறு பட்டை) பெரும்பாலும் 43 மி.மீ. அகலம், அதற்குச் சற்று முந்தையவற்றில் 44.5 மி.மீ. கேட்டால் அற்ப வேறுபாடு, விரலால் மீட்டும் கைக்கோ பெரிய வேறுபாடு. 1965 வாக்கில் கிப்சன் தன் நட்டின் அகலத்தை ஏறத்தாழ 40 மி.மீட்டருக்குக் குறைத்துவிட்டது. படத்தில் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. விற்பவரிடம் அளந்து சொல்லும்படி கேட்டே தீர வேண்டும்.

வயதை உறுதி செய்தல்

மார்ட்டினின் வயதைக் கண்டுபிடிப்பது எளிது. ஒலித்துளை வழியாக உள்ளே பார்த்தால் நெக் சேரும் கட்டையில் வரிசை எண் குத்தப்பட்டிருக்கும். 1930இன் பிற்பகுதியிலிருந்து மாடல் பெயரும் அதன் மேலேயே இருக்கும். 1940 இறுதியில் எண் 76734, 1950 இறுதியில் 117961, 1960 இறுதியில் 175689. உங்கள் கையில் உள்ள கிட்டாரின் எண் இவற்றுக்கிடையே எங்கே விழுகிறது என்று பாருங்கள். ஹார்மனியில் உட்புறப் பலகையில் மைமுத்திரையாக ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள் இருக்கும். கிப்சனின் 1960களின் எண்களோ ஒரே எண் வெவ்வேறு ஆண்டுகளில் திரும்பத் திரும்ப வந்தவை. அங்கே எண்ணை மட்டும் நம்பாமல் நட் அகலம், பிரிட்ஜ், டியூனர் ஆகியவற்றைச் சேர்த்தே கணிக்க வேண்டும்.

நெக்கின் கோணம்: இதைப் பார்க்காமல் வேறெதையும் பார்க்க வேண்டாம்

எஃகுத் தந்திகள் ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ எடைக்குச் சமமான விசையோடு நெக்கை உடலை நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கின்றன. ஒரு மனிதர் அறுபது, எழுபது ஆண்டுகளாகத் தொங்கிக்கொண்டிருப்பதாக எண்ணிப் பாருங்கள். நெக்கின் பிணைப்பு எவ்வளவு உறுதியாக இருந்தாலும், அதைச் சுற்றியுள்ள உடற்பகுதி மெல்ல மெல்ல நெகிழ்ந்து, நெக் முன்பக்கமாகச் சாய்கிறது. சாயும்போது தந்திகள் விரல்பலகையை விட்டு உயர்கின்றன, வாசிப்பது கடினமாகிறது. இது கிட்டாரின் குற்றமன்று, வயதின் இயல்பு. நெக்கைக் கழற்றி, கோணத்தைத் திருத்தி மறுபடி ஒட்டும் வேலைக்கு நெக் ரீசெட் என்று பெயர். பழைய அகௌஸ்டிக் கிட்டாருக்குச் செய்ய வேண்டியிருக்கும் வேலைகளில் செலவு மிகுந்தவற்றுள் அதுவும் ஒன்று.

இதை மறைக்க இரண்டு குறுக்குவழிகள் உண்டு. தந்தி உயர்ந்துவிட்டது என்றால் பிரிட்ஜின் மேல் தந்திகளைத் தாங்கும் சேடில் என்ற பட்டையை அரத்தால் தேய்த்துத் தாழ்த்துவார்கள். சேடில் தேய்ந்து தீர்ந்தபின் பிரிட்ஜின் மரத்தையே இழைத்துத் தாழ்த்துவார்கள். வாசித்துப் பார்த்தால் தந்தி தாழ்வாக, விரலுக்கு இதமாக இருக்கும். புதியவர் ஏமாறும் இடம் இதுதான். நானும் ஏமாந்திருக்கிறேன். ஒரு 0-15ஐ அரை மணி நேரம் வாசித்துவிட்டு, இவ்வளவு இலகுவான நெக்கை நான் பார்த்ததே இல்லை என்று வியந்து அங்கேயே பணத்தைக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து அளந்தபோதுதான் பிரிட்ஜின் உயரம் 5 மி.மீட்டர்தான் என்பதையும், சேடில் நகக்கண் அளவுக்கே வெளியே தெரிகிறது என்பதையும் கவனித்தேன். விற்றவர் பொய் எதுவும் சொல்லவில்லை. நான்தான் எதையும் கேட்கவில்லை. ரீசெட்டும் புதிய பிரிட்ஜுமாகச் செலவு கிட்டார் வாங்கிய விலையில் கணிசமான பங்காக வந்து நின்றது.

ஆகவே ஒரு நேரான எஃகு அளவுகோலை எடுத்துச் செல்லுங்கள். 18 அங்குல நீளமாவது இருக்க வேண்டும். அதை விரல்பலகையின் நடுவில், ஃபிரெட்டுகளின் முதுகின்மேல் நீளவாக்கில் வைத்து, அதன் முனை பிரிட்ஜைத் தொடும்வரை தள்ளுங்கள். முனை பிரிட்ஜின் மேல்விளிம்பில் உரசிக்கொண்டோ அதற்கு ஒரு மயிரிழை மேலேயோ சென்றால் கோணம் நன்று. விளிம்புக்குக் கீழே பிரிட்ஜின் முகத்தில் முட்டினால் நெக் சாய்ந்திருக்கிறது. எவ்வளவு கீழே முட்டுகிறதோ அவ்வளவு சாய்வு.

அதோடு நிறுத்தாமல் இன்னும் மூன்று அளவுகளை எடுங்கள், ஏனெனில் இழைத்துத் தாழ்த்திய பிரிட்ஜின்மேல் அளவுகோல் நல்ல பிள்ளைபோல் உட்கார்ந்துகொள்ளும். பிரிட்ஜின் தடிமன் மார்ட்டினில் 9 மி.மீட்டரை ஒட்டி இருக்க வேண்டும், 6 மி.மீட்டருக்குக் குறைந்தால் யாரோ இழைத்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம். சேடில் பிரிட்ஜுக்கு மேலே 3 மி.மீட்டராவது தெரிய வேண்டும். 12ஆம் ஃபிரெட்டில் ஆறாம் தந்தியின் அடிப்பக்கத்துக்கும் ஃபிரெட்டின் முதுகுக்கும் இடையே 2.4 மி.மீ., முதல் தந்தியில் 2 மி.மீ. என்பது வசதியான உயரம். இந்த மூன்றும் ஒருசேர நன்றாக இருந்தால்தான் கோணம் நன்று என்று நம்பலாம். ஒன்று மட்டும் நன்றாக இருப்பது, மற்றொன்றைப் பலிகொடுத்து வந்த நன்மையாக இருக்கக் கூடும்.

ஏற்கெனவே ரீசெட் செய்யப்பட்ட கிட்டார் என்று விற்பவர் சொன்னால் தயங்காதீர்கள். நெக்கின் அடிக்கட்டை உடலோடு சேரும் கோட்டைப் பாருங்கள். இடைவெளியோ பாலிஷ் உடைந்த தடமோ பசை வழிந்த கறையோ இல்லாமல் சுத்தமாக இருந்தால், பெரிய செலவை வேறொருவர் உங்களுக்காகச் செய்து முடித்திருக்கிறார் என்றுதான் பொருள்.

அடுத்தது நெக்கின் நேர்மை. மார்ட்டின் நிறுவனம் திருகிச் சரிசெய்யக்கூடிய கம்பியை 1985இல்தான் நெக்குக்குள் வைத்தது. அதற்கு முன் பெரும்பாலும் உள்ளே இருந்தது அசையாத எஃகுப் பட்டை, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் உலோகத் தட்டுப்பாட்டால் கருங்காலிப் பட்டை. ஆகவே வளைந்த நெக்கைச் சாவி போட்டுத் திருகி நிமிர்த்த வழியில்லை. ஆறாம் தந்தியை முதல் ஃபிரெட்டிலும் 14ஆம் ஃபிரெட்டிலும் ஒருசேர அழுத்திப் பிடித்து, ஏழாம் ஃபிரெட்டுக்கும் தந்திக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழையுமளவு இருந்தால் சரி. இரண்டு மூன்று கார்டுகள் நுழைந்தால் ஃபிரெட்டுகளைப் பிடுங்கி, அடித்தண்டு தடித்த புதிய ஃபிரெட்டுகளை இறுக்கி அடித்துத்தான் நெக்கை நிமிர்த்த முடியும். அந்தச் செலவையும் விலையிலிருந்து கழித்துப் பேச வேண்டும்.

உள்ளே பார்த்தல்

பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற சிறிய கண்ணாடியும் ஒரு சிறு விளக்கும் போதும். தந்திகளைத் தளர்த்தச் சொல்லி, கண்ணாடியை ஒலித்துளைக்குள் விட்டு மேல்பலகையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பிரிட்ஜின் நேர்கீழே ஒட்டியிருக்கும் தகட்டுப்பலகையில் தந்திக் குமிழ்கள் கடித்துக் கடித்துத் துளைகள் பெரிதாகியிருக்கும். சற்றுத் தேய்ந்திருப்பது வழக்கமே. துளையும் துளையும் விரிசலால் இணைந்திருந்தால் அது வேலை வைக்கும். உட்கட்டைகளின் முனைகளில் பசை விட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெளியே மேல்பலகையையும் பின்பலகையையும் விரல்முட்டியால் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். ஒட்டு விட்ட இடத்தில் "டொக்" என்ற ஒலி "சள்" என்று மாறும். காதுக்கு ஒருமுறை பழகிவிட்டால் பிறகு மறக்காது.

ஒட்டி, உள்ளே சிறு மரத்துண்டுகளால் தாங்கு கொடுக்கப்பட்ட பழைய விரிசல் பொருட்டல்ல. பொடிந்த விளிம்போடு திறந்தே கிடக்கும் விரிசல்தான் கவலைக்குரியது. பிரிட்ஜின் பின்னால் மேல்பலகை சற்றே வயிறு தள்ளியிருப்பதும் வயதுக்குரியதுதான். ஆனால் ஒலித்துளைக்கும் பிரிட்ஜுக்கும் இடையே குழி விழுந்திருந்தால் உட்கட்டை தளர்ந்துவிட்டது என்று கொள்ளுங்கள். பிரிட்ஜின் பின்விளிம்புக்குக் கீழே ஒரு காகிதத்தைச் செருகிப் பாருங்கள், நுழையக் கூடாது.

பாலிஷ் மறுபடி அடிக்கப்பட்டதா என்பதை நிர்ணயிக்கப் புறஊதா விளக்கு உதவும். பழைய நைட்ரோசெல்லுலோஸ் பாலிஷ் அவ்விளக்கில் பசுமஞ்சளாக ஒளிரும். புதிதாக அடித்த பகுதி இருண்டோ வேறு நிறத்திலோ தெரியும். மறுபாலிஷ் மெல்லிதாக இருந்தால் ஒலிக்குப் பெரிய கேடு இல்லை, விலையில் பெரிய இறக்கம் உண்டு. இப்படிப்பட்ட கிட்டாரைத்தான் நாம் தேடிக்கொண்டிருக்கிறோம். தடித்துக் கண்ணாடிபோல் மின்னும் பூச்சு மட்டும் வேண்டாம். அது மேல்பலகையின் வாயைக் கட்டிவிடும்.

மேடையில் வாசிப்பதுபோலவே வாசித்துப் பாருங்கள்

உங்கள் கைப்பழக்கத்துக்கு உகந்த புதிய தந்திகளை எடுத்துச் சென்று, அனுமதி பெற்று மாட்டுங்கள். இவ்வளவு வயதான, மென்மையான உடலுக்கு முதல் தந்தியின் தடிமன் 12இல் (0.012 அங்குலம்) தொடங்கும் லைட் வகையே உச்சவரம்பு. 11இல் தொடங்குவது இன்னும் பாதுகாப்பு. நாற்காலியில் உட்கார்ந்து வாசித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். நின்றுகொண்டு, வாரை மாட்டிக்கொண்டு வாசியுங்கள். பழைய மார்ட்டின்களில் நெக்கின் அடியில் வார்க்குமிழ் இருக்காது. தலைப்பகுதியில் நட்டுக்குப் பின்னால் கயிற்றால்தான் கட்ட வேண்டியிருக்கும். அது உங்களுக்கு ஒத்துவருமா என்று அப்போதே தெரிந்துவிடும்.

பிறகு பாடுங்கள். வெட்கப்பட வேண்டாம், இந்தக் கிட்டார் உங்கள் குரலுக்குத்தான் துணை. வழக்கமாகப் பாடும் சுருதியில், கேப்போ போட வேண்டுமென்றால் போட்டுக்கொண்டு, ஒரு மெதுவான பாட்டும் ஒரு வேகமான பாட்டும் முழுவதுமாகப் பாடுங்கள். கூட வந்தவரை ஐந்து மீட்டர் தள்ளி நிறுத்தி, சொற்கள் தெளிவாகக் கேட்கின்றனவா, கிட்டார் குரலை மூடுகிறதா என்று கேளுங்கள். வாசிப்பவர் காதுக்குக் கிட்டும் ஒலியும் எதிரே போய்ச் சேரும் ஒலியும் வேறு வேறு. சிறிய உடல் கொண்ட கிட்டாரில் அந்த வேறுபாடு எப்போதும் வியப்பூட்டும்.

சுருதியைச் சோதிக்க, ஒவ்வொரு தந்தியிலும் 12ஆம் ஃபிரெட்டின் மேல் விரலைத் தொட்டும் தொடாமலும் வைத்து எழுப்பும் சுரத்தையும், அதே ஃபிரெட்டை அழுத்தி எழுப்பும் சுரத்தையும் சுருதி காட்டும் மின்கருவியில் ஒப்பிடுங்கள். எல்லாத் தந்திகளிலும் அழுத்திய சுரம் உயர்ந்தே வந்தால் சேடிலின் இருப்பிடத்தில் கோளாறு. சேடில் அமரும் காடியை அடைத்துப் புதிதாக வெட்ட வேண்டியிருக்கும். டியூனர்களை ஒவ்வொன்றாகச் சற்றுத் தளர்த்தி மறுபடி ஏற்றுங்கள். திருகியும் தந்தி அசையாமல் நின்றுவிட்டுப் பிறகு துள்ளினால், நட்டின் காடி இறுக்கமாக இருக்கிறது. அது சிறு வேலை. பல்சக்கரமே வழுக்கினால் டியூனரை மாற்ற வேண்டும். பழைய துளைகளைப் பெரிதாக்காமல் பொருந்தும் மாற்று டியூனர்கள் கிடைக்கின்றன.

பிக்கப் பொருத்துதல்

கிட்டாரின் ஒலியை மின்குறிப்பாக மாற்றி ஒலிபெருக்கிக்கு அனுப்பும் பிக்கப்பைப் பொருத்தும் விஷயத்தில் புதியவர்கள் அவசரப்பட்டுத் தீராத சேதம் செய்துவிடுகிறார்கள். பழைய கிட்டாரின் பக்கப்பலகையில் சதுரமாக வெட்டி ஈக்வலைசர் (ஒலியைத் திருத்தும்) பெட்டி பொருத்துவது என்ற பேச்சே வேண்டாம். யாரோ ஏற்கெனவே வெட்டியிருந்தால் அது விலையைத் தரைக்கு இறக்கும். வெட்டிய இடம் ஒழுங்காக இருந்தால் அந்த மலிவையும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

எனக்குப் பிடித்த வழி, பிரிட்ஜுக்கு நேர்கீழே உள்ளிருக்கும் தகட்டுப்பலகையில் ஒட்டும் சிறு வட்டு வடிவப் பிக்கப்புகள். சேடிலைத் தொட வேண்டியதில்லை, பேட்டரி வேண்டாம், மஹோகனியின் உலர்ந்த இயல்பு ஏறத்தாழ அப்படியே வெளிவருகிறது. சேடிலுக்கடியில் வைக்கும் பிக்கப்புக்குக் காடியின் அடியில் துளையிட வேண்டும். பழைய மார்ட்டின்களின் நீளச் சேடில் பசையிட்டு ஒட்டப்பட்டது என்பதால் அதைப் பெயர்ப்பதே அபாயம். ஒலித்துளையில் கவ்வும் காந்தப் பிக்கப், டிரம்ஸோடு வாசிப்பவர்களுக்கு ஏற்றது; ஊளையிடாது, ஆனால் மரத்தின் குரல் பாதி மறைந்துவிடும்.

ஒயரை வெளியே கொண்டுவர, கிட்டாரின் அடிமுனையில் உள்ள வார்க்குமிழ்த் துளையை ஏறத்தாழ 12 மி.மீட்டருக்குப் பெரிதாக்குவதே வழக்கம். ஏற்கெனவே பெரிதாக்கப்பட்ட கிட்டார் கிடைத்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் அதைச் செய்யப் பழைய கிட்டார் பழகிய கை வேண்டும். கைத்துளைப்பானால் மெதுவாக அகற்ற வேண்டிய மரத்தை மின்துளைப்பானால் குடைந்தால் அடிக்கட்டை பிளந்துவிடும். வட்டுப் பிக்கப்பின் ஒலியை ஒலிக்கலவை மேசைக்கு அனுப்பும்முன் உள்வாங்கும் மின்தடை 1 மெகாஓமோ அதற்கு மேலோ உள்ள ப்ரீஆம்ப் (முன்பெருக்கி) ஒன்றை இடையில் வையுங்கள். நேராகச் செருகினால் ஒலி தகரம்போல் இருக்கும். அதில் அடிமந்தரத்தை வெட்டும் வசதியும், ஊளையிடும் ஒற்றை அலைவரிசையை மட்டும் தாழ்த்தும் வசதியும் இருந்தால் வேறெதுவும் தேவைப்படாது. சிறிய, அமைதியான அரங்கில் இவை எதுவும் வேண்டாம்: நெக் உடலோடு சேரும் இடத்துக்கு எதிரே ஒரு சாண் தொலைவில் வைத்த கண்டென்சர் மைக் இந்தக் கிட்டாருக்குச் செய்யும் நியாயத்தை எந்தப் பிக்கப்பும் செய்வதில்லை.

நேரில் பார்க்க முடியாதபோது

தொலைவிலிருந்து வாங்குவதென்றால் படங்களைக் குறிப்பாகக் கேளுங்கள்: அளவுகோல் ஃபிரெட்டுகளின்மேல் படிந்து பிரிட்ஜைத் தொடும் இடம், பக்கவாட்டில் சேடிலும் பிரிட்ஜும், நெக் கட்டையில் உள்ள எண், கண்ணாடியில் தெரியும் தகட்டுப்பலகை. இவற்றை எடுத்து அனுப்பத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள். திருப்பி அனுப்பும் உரிமை எத்தனை நாள், செலவு யாருடையது என்பதை எழுத்தில் பெறுங்கள்.

எல்லை தாண்டிக் கொண்டுவருவதாகவோ வெளிநாட்டு மேடைக்கு எடுத்துச் செல்வதாகவோ இருந்தால் மரத்தைப் பற்றிய சட்டம் குறுக்கே வரும். மஹோகனியால் இங்கே சிக்கல் இல்லை; 2003 முதல் பெரிய இலை மஹோகனி கண்காணிப்புப் பட்டியலில் இருந்தாலும், கட்டுப்பாடு மரக்கட்டை, பலகை போன்ற மூலப்பொருளுக்கே, செய்து முடித்த கிட்டாருக்கு அன்று. சிக்கல் விரல்பலகையிலும் பிரிட்ஜிலும் இருக்கிறது. அக்காலத்துக் கிட்டார்கள் பலவற்றில் அவை பிரேசில் ரோஸ்வுட். அந்த மரம் 1992 முதல், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதலாம் பட்டியலில், மிகக் கடுமையான கட்டுப்பாட்டின்கீழ் இருக்கிறது. துண்டு எவ்வளவு சிறியதானாலும் விற்பனைக்காக எல்லை தாண்ட அனுமதிச்சீட்டு வேண்டும். அடிக்கடி பயணம் செய்யும் கலைஞர்களுக்கு மூன்று ஆண்டுகள்வரை செல்லும் இசைக்கருவிச் சான்றிதழ் உண்டு. புறப்படுவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

வந்து சேர்ந்தபின்

பெட்டி வந்தவுடன் திறக்காதீர்கள். குளிரிலோ வெயிலிலோ பயணம் செய்த கிட்டாரைப் பெட்டியோடு ஒரு நாள் அறையில் இருக்க விட்டு, அதன்பின் திறவுங்கள். திடீரென்று மாறும் வெப்பத்தில் பழைய பாலிஷ் நுண்ணிய கோடுகளாக வெடிக்கும். அறையின் ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காட்டுக்குள் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு சிறிய ஈரப்பதமானியைப் பெட்டிக்குள்ளேயே போட்டு வையுங்கள்.

பழுதுபார்ப்பவரிடம் ஒருமுறை காட்டிவிட்டு, அவர் கையால் நட்டும் சேடிலும் சரிசெய்யப்பட்ட பிறகு, 12ஆம் ஃபிரெட்டில் தந்தியின் உயரத்தையும் பிரிட்ஜுக்கு மேலே சேடிலின் உயரத்தையும் ஒரு தாளில் தேதியோடு எழுதிப் பெட்டியின் உறைக்குள் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி அளந்து அதன்கீழே எழுதுங்கள். பருவத்துக்குப் பருவம் அரை மில்லிமீட்டர் ஏறி இறங்கினால் மரம் மூச்சு விடுகிறது. இறங்காமல் ஏறிக்கொண்டே போனால் பழுதுபார்ப்பவருக்குத் தொலைபேசி செய்ய வேண்டிய நேரம். முதல் மேடைக்கு மூன்று நாள் முன்பாகப் புதிய தந்தி மாட்டி, தினமும் இழுத்து இழுத்துச் சுருதி சேர்த்து வையுங்கள். அன்றைக்கு மாட்டிய தந்தியோடு இந்தக் கிட்டாரை மேடைக்குக் கொண்டுபோனால் இரண்டு பாட்டுக்கு ஒருமுறை டியூனரைத் திருகிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.